ஓரிரவில் மூன்று நாள் பட்டினி

என் பெரியப்பா ஒரே வருஷத்தில் கைக்கடிகாரத்தின் வாரை மூன்று துளை உள்ளே தள்ளிக் கட்ட வேண்டியிருந்தது. அதே வருஷத்தில் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. வயிறு அவ்வளவு முன்னால் வந்துவிட்டிருந்தது. மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்தில் இருந்த அந்த வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் பெரியம்மா ஒன்றைச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்வார்: "எடை மட்டும் குறையவே இல்லப்பா. போன வருஷமும் அறுபத்தெட்டு, இந்த வருஷமும் அறுபத்தெட்டு."

அந்த அறுபத்தெட்டை நம்பியதால்தான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொண்டவரை எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றினால், அது தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கும். மருத்துவர்கள் இதற்கு ஒரு கழித்தல் கணக்கு வைத்திருக்கிறார்கள். வயிற்று நீர் கொஞ்சமாக இருந்தால் எடையில் நூற்றுக்கு 5, நடுத்தரமாக இருந்தால் 10, மிக அதிகமென்றால் 15. இரண்டு காலும் வீங்கியிருந்தால் மேலும் 5. பெரியப்பாவுக்கு நடுத்தர நீர், கால் வீக்கமும் உண்டு. கழித்துப் பார்த்தால் உண்மையான எடை ஏறக்குறைய 58 கிலோ. பத்துக் கிலோ தசையும் கொழுப்பும் போய், அந்த இடத்தில் பத்துக் கிலோ தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கிறது. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கைக்கடிகாரத்தின் வார்தான் உண்மையைச் சொன்னது.

பெரியப்பா வாழ்நாளில் குடித்ததே இல்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் "குடிப்பாரா?" என்று சர்வசாதாரணமாகக் கேட்டபோது பெரியம்மாவின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். இருபது வருஷச் சர்க்கரை நோயும், யாரும் கவனிக்காமல் கல்லீரலில் படிந்துகொண்டே வந்த கொழுப்பும்தான் அவருக்குக் காரணம். சென்னைக்கு இது புதிதில்லை. கோபாலபுரத்தில் இயங்கும் டாக்டர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சிக் குழு, சென்னைவாசிகள் 541 பேரின் கல்லீரலை ஸ்கேன் செய்து பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டது. மதுவோடு தொடர்பில்லாத கொழுப்புக் கல்லீரல் நூற்றுக்கு 32 பேருக்கு இருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேல். இவர்களில் பெரும்பாலோருக்கு அது சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கம் வரை போவதில்லை. போகிற சிலரில் பெரியப்பாவும் ஒருவர். குடியாலும், ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும் சிரோசிஸ் வந்தவர்கள் இதே நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த வழியாக வந்தாலும், வந்தபின் உடம்புக்குள் நடக்கும் பட்டினி ஒன்றுதான். இந்த அத்தியாயம் அந்தப் பட்டினியைப் பற்றியது.

அந்த வீட்டின் அன்றைய சாப்பாட்டைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்குப் பூஜை முடித்து இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டுக்கொள்ள முடியாததால் வெறுமனே. மதியம் குழைந்த சாதம், தெளிவான ரசம். மாலையில் பாலில்லாத காபி. இரவு ஏழு மணிக்கு ஒரு டம்ளர் நொய்க் கஞ்சி, அதோடு சரி. "பருப்பு, பால், எண்ணெய் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். உப்பே போடறதில்ல. கல்லீரலுக்கு வேலை குடுக்கக் கூடாதில்ல?" என்றார் பெரியம்மா. ஒரு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டிலும் 'புரதம் குறைவாக' என்றுதான் இருந்தது. அவ்வளவு அன்போடு, அவ்வளவு கவனத்தோடு, நாங்கள் அவரைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தோம். எல்லாம் கூட்டினால் நாள் முழுக்க 25 கிராம் புரதம்கூடத் தேறாது. இரவு ஏழிலிருந்து காலை ஒன்பது வரை பதினான்கு மணி நேரம் வயிறு காலி.

அந்தப் பதினான்கு மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

நல்ல கல்லீரல் ஒரு தானியக் குதிர் மாதிரி. நாம் சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கிளைகோஜனாக்கிச் சேர்த்து வைக்கிறது. சுமார் 100 கிராம் வரை சேரும். நாம் தூங்கும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ரத்தத்தில் சர்க்கரையாக விடுகிறது. மூளைக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குச் சர்க்கரை வேண்டும். தூங்கும்போதும் அது விடுமுறை எடுப்பதில்லை. சாதாரணமானவருக்குக் குதிரில் உள்ளது விடியும்வரை தாங்கும். சிரோசிஸில் நல்ல திசு இருந்த இடத்தில் தழும்புத் திசு வந்துவிடுவதால் குதிரே சுருங்கிப்போகிறது. நள்ளிரவிலேயே இருப்பு தீர்ந்துவிடும். மூளை கேட்பதை நிறுத்தாது. உடம்பு அப்போது கொழுப்பையும், அதோடு தசையையும் எடுத்து எரிக்கத் தொடங்குகிறது. தசையின் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்து, அதிலிருந்து சர்க்கரை செய்து மூளைக்கு அனுப்புகிறது.

1983இல் அமெரிக்காவில் ஓவன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை அளந்து பார்த்தார்கள். சிரோசிஸ் நோயாளி ஓர் இரவு சாப்பிடாமல் தூங்கி எழும்போது, அவர் உடம்பு எரிபொருளைச் செலவழிக்கும் விதம், நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவர் இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தபின் இருக்கும் நிலையை ஒத்திருந்தது. இதைப் படித்தபோது நான் அந்தப் பக்கத்தை விட்டு வெகுநேரம் நகரவில்லை. பெரியப்பா ஒவ்வொரு நாளும் மூன்று நாள் பட்டினியிலிருந்து எழுந்து, குளித்து, பூஜை செய்து, அதன்பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறார்.

நோய் இப்படியென்றால் மருந்து அடுப்பங்கரையிலேயே இருக்கிறது: தூங்கப் போகும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிளாங்க் என்பவரின் குழு 103 சிரோசிஸ் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, இரு பிரிவுக்கும் ஒரே கூடுதல் ஆகாரத்தை, 710 கலோரியை, ஒரு வருஷம் கொடுத்தது. ஒரு பிரிவினர் பகலில் சாப்பிட்டார்கள், மற்றவர்கள் இரவு ஒன்பது மணிக்குமேல் சாப்பிட்டார்கள். 2008இல் வந்த முடிவில், இரவில் சாப்பிட்டவர்களின் உடம்பில் கொழுப்பில்லாத திசு சுமார் இரண்டு கிலோ கூடியிருந்தது. பகலில் சாப்பிட்டவர்களுக்கு அப்படி எதுவும் கூடவில்லை. அதே உணவு, அதே அளவு. மாறியது கடிகாரம் மட்டும்தான்.

இன்று உலகம் முழுவதும் கல்லீரல் மருத்துவர்கள் படுக்கும் நேரத்தில் குறைந்தது 50 கிராம் மாவுச்சத்துள்ள சிற்றுண்டி சாப்பிடச் சொல்கிறார்கள். நம் கணக்கில் அது நாலு இட்லி. அல்லது ஒரு டம்ளர் பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சியும் ஒரு வாழைப்பழமும். பகலிலும் விழித்திருக்கும்போது மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப் போடக் கூடாது.

புரதத்தைக் கண்டு பயப்படும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பயம் பலரைக் கொன்றிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1877இல் நிகோலாய் எக் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர், குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை நாய்களில் திருப்பிவிட்டு, ரத்தம் கல்லீரலைத் தொடாமலே போகும்படி தைத்தார். 1893இல் பாவ்லோவும் அவருடைய சகாக்களும் இதே அறுவையைச் செய்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தபோது அவை தள்ளாடின, பார்வை மங்கின, வலிப்பு வந்து விழுந்தன. இறைச்சி நஞ்சு என்றே அதற்குப் பெயர் வந்தது. குடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளுவது கல்லீரலின் வேலை. அது நடக்காதபோது அம்மோனியா மூளைக்கு ஏறுகிறது. 1950களில் லண்டனில் ஷீலா ஷெர்லாக்கும் அவருடைய சகாக்களும் சிரோசிஸ் நோயாளிகளுக்கு வரும் மூளைக் குழப்பத்துக்கு இந்தத் தொடர்பைத் தெளிவாக விளக்கினார்கள். அங்கிருந்து ஒரு எளிய முடிவு பிறந்தது: புரதத்தைக் குறை, அம்மோனியா குறையும். அரை நூற்றாண்டுக்கு அதுவே மருத்துவமனைச் சமையலறையின் சட்டமானது.

இந்த முடிவு தசையைக் கணக்கில் எடுக்கவில்லை. அம்மோனியாவைச் செயலிழக்கச் செய்யும் இடம் கல்லீரல் மட்டும் அல்ல. தசையும் அதைப் பிடித்து குளூட்டமினாக மாற்றுகிறது. கல்லீரல் தளர்ந்தவருக்குத் தசைதான் அடுத்த துணை. புரதத்தைக் குறைத்தால் தசை கரையும். தசை கரைந்தால் அம்மோனியா ஏறும். அம்மோனியா ஏறினால் நோயாளி குழம்புவார். குழம்பினால் இன்னும் கொஞ்சம் புரதத்தைக் குறைப்பார்கள். 2004இல் பார்சிலோனாவில் கோர்டோபாவின் குழு துணிந்து ஒரு சோதனை செய்தது. மூளைக் குழப்பத்தோடு அனுமதிக்கப்பட்ட நோயாளிகளில் பாதிப் பேருக்குப் புரதத்தைக் குறைத்தும், மீதிப் பேருக்கு முதல் நாளிலிருந்தே வழக்கமான அளவிலும் கொடுத்தார்கள். குழப்பம் தெளிவதில் வித்தியாசமே இல்லை. புரதம் குறைந்தவர்களின் உடம்பில்தான் சொந்தப் புரதம் அதிகமாகக் கரைந்தது.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. டெல்லியின் ஜி.பி. பந்த் மருத்துவமனையில், வெளியே தெரியாத லேசான மூளைக் குழப்பம் உள்ள 120 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பாதிப் பேருக்கு ஆறு மாதம் தாவரப் புரதமும் பால் புரதமும் நிறைந்த, கலோரி போதுமான உணவு திட்டமிட்டுக் கொடுக்கப்பட்டது. அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்குக் குழப்பம் நீங்கியது. வழக்கமான உணவில் விடப்பட்டவர்களில் கால் பங்குக்கும் குறைவானவர்களுக்கே நீங்கியது. பருப்பும் பயறும் தயிரும் சிரோசிஸ்காரருக்கு ஆட்டிறைச்சியைவிட நன்றாக ஒத்துப்போவதற்குக் காரணம் இருக்கிறது. பருப்போடும் பயறோடும் வரும் நார்ச்சத்து மலத்தை இளக்கி, அம்மோனியாவைக் குடலோடு வெளியேற்றுகிறது. லாக்டுலோஸ் மருந்து செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். அதற்காக மீனும் முட்டையும் சாப்பிட்டுப் பழகியவர் அவற்றை விட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு: காமாலைப் பத்தியம். மஞ்சள் காமாலை என்றதும் உப்பு, புளி, எண்ணெய், பருப்பு எல்லாம் நிற்கும்; மோர்சாதமும் கீழாநெல்லியும் வரும். பத்தியம் இருந்தவர் சில வாரங்களில் தேறியும் விடுவார். அந்தக் காமாலை பெரும்பாலும் அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ அல்லது இ. அது பத்தியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலோருக்குத் தானே இறங்கிவிடும். பெயர் பத்தியத்துக்குப் போய்விட்டது. சில வாரங்கள் பத்தியம் இருந்தால் பெரிய கேடு இல்லை. அதே பத்தியத்தை வருஷக் கணக்கில் நீடிக்கும் சிரோசிஸுக்குப் போட்டபோதுதான் அது விபரீதமானது.

கீழாநெல்லியைப் பற்றி ஏளனமாகப் பேச எனக்கு மனம் வராது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பிளம்பெர்க்குடன் சேர்ந்து அதை முறையான சோதனைக்கு உட்படுத்தினார். 1988இல் லான்செட் இதழில் வந்த அந்த ஆய்வில், கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகம் சென்னையைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கச்சேரி ரோட்டு நாட்டு மருந்துக் கடைகளில் அது இன்றும் நிறைய விற்கிறது. மூலிகை எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள் என்பேன். மூலிகையோடு ஒட்டிக்கொண்டு வரும் பட்டினிப் பத்தியத்தை மட்டும் வாங்கிவராதீர்கள்.

கலோரியும் புரதமும் போக, நுண்சத்துகளின் கதை தனி. இங்கே ஒவ்வொரு சத்தும் ஒவ்வொரு வழியில் தவறுகிறது.

துத்தநாகத்தை முதலில் சொல்கிறேன். சிரோசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் துத்தநாகம் குறைவு என்று வாலியும் சகாக்களும் 1956இலேயே கண்டார்கள். அம்மோனியாவை யூரியாவாக்கும் சங்கிலியில் ஒரு நொதிக்குத் துத்தநாகம் தேவை. நாக்கின் ருசிக்கும் அதுவே தேவை. 'எல்லாமே மண்ணு மாதிரி இருக்கு' என்று தட்டைத் தள்ளிவைக்கும் நோயாளியைப் பிடிவாதக்காரர் என்று வீட்டில் நினைக்கிறார்கள். பல நேரம் அது துத்தநாகக் குறைவு. ருசி தெரியாததால் சாப்பிடுவதில்லை; சாப்பிடாததால் துத்தநாகம் இன்னும் குறைகிறது. வயிற்று நீரைக் குறைக்கக் கொடுக்கும் நீர் மாத்திரையும் அதைச் சிறுநீரில் கொண்டுபோகிறது. தானியத்திலும் பயறிலும் உள்ள பைட்டேட் வேறு துத்தநாகத்தைக் கட்டிப்போடுகிறது. ஊறவைத்து, முளைகட்டி, புளிக்கவைத்தால் பைட்டேட் குறையும். இரவெல்லாம் புளித்த இட்லி மாவு இந்த வேலையைச் செய்துவிட்டுத்தான் தட்டுக்கு வருகிறது.

வைட்டமின் ஏ-யின் பெரும்பகுதி கல்லீரலில் நட்சத்திர வடிவச் செல்களில் கொழுப்புத் துளிகளாகச் சேமிக்கப்படுகிறது. 1876இல் குப்ஃபர் இந்தச் செல்களைப் பார்த்துப் பெயர் வைத்தார். வைட்டமின் ஏ-யைச் சேமிப்பவை இவைதான் என்று 1971இல் ஜப்பானின் வாக்கே நிறுவினார். கல்லீரல் மீண்டும் மீண்டும் காயப்படும்போது இதே செல்கள் தங்கள் கையிருப்பை இழந்து, தழும்பு நார்களை நெய்ய ஆரம்பிக்கின்றன. சிரோசிஸ் என்பதே பெரும்பாலும் இவை நெய்த நார்தான். அதனால் கல்லீரல் கெடுவதும் வைட்டமின் ஏ குறைவதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள். அந்தி சாய்ந்ததும் படிக்கட்டில் தடுமாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டிப் போடாதீர்கள், அளவு மீறினால் வைட்டமின் ஏ-யே கல்லீரலுக்கு நஞ்சு.

வைட்டமின் டி-யில் சென்னைக்காரர்கள் ஏமாறுகிறார்கள். பெசன்ட் நகர் வெயிலில் நின்றாலும், தோலில் உண்டாகும் வைட்டமின் முதலில் கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் ஒவ்வொரு படி மாறினால்தான் உடம்புக்குப் பயன்படும். சிரோசிஸில் முதல் படியே தளர்ந்திருக்கிறது. எலும்பு மெலிந்து, சின்னத் தடுக்கலில் இடுப்பு முறிவது இதனால்தான்.

வைட்டமின் கே ஒரு நல்ல பாடம் சொல்லும். ரத்தம் உறையச் சில காரணிகளைக் கல்லீரல் இந்த வைட்டமினைக் கொண்டு செய்கிறது. உறைய நேரமானால், சரக்கு வரவில்லையா, ஆலையே நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும்? வைட்டமின் கே ஊசி போட்டுப் பார்ப்பார்கள். ஓரிரு நாளில் சரியானால் சரக்குக் குறைவு. சரியாகாவிட்டால் ஆலைக் கோளாறு. கல்லீரலே செய்யும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் விஷயத்திலும் இதை நினைவில் வையுங்கள். 'ஆல்புமின் குறைவு' என்றதும் நாளுக்கு ஆறு முட்டை வெள்ளைக்கரு ஊட்டி, அடுத்த பரிசோதனையில் எண் ஏறவில்லை என்று மனம் உடைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் பெரிதும் ஆலையின் நிலையைக் காட்டுவது. முட்டையின் பலன் தசைக்குப் போகிறது. அதைக் கை பலத்தில் பாருங்கள்.

தயமின் என்ற பி1, குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. மது அதைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. அந்த நிலையில் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகச் சேதப்படலாம். அதனால்தான் முதலில் தயமின் ஊசி. இந்த வைட்டமினோடு தமிழ்நாட்டுக்குப் பழைய உறவு. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே அறையில் பெரிபெரி ஆய்வு என்று தொடங்கியதுதான் வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் அது கூடுதல். நொய்க் கஞ்சி வைப்பதானால் புழுங்கலரிசி நொய்யில் வையுங்கள்.

சரி, தட்டில் என்ன வைப்பது? உண்மையான எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், 30 முதல் 35 கலோரி. பெரியப்பாவின் 58 கிலோவுக்கு 70 முதல் 87 கிராம் புரதம். சைவ வீட்டில் இது முடியுமா என்று பெரியம்மா கேட்டார். இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கூட்டினோம். காலை ஆறரைக்கு ஒரு டம்ளர் பால், 6 கிராம். எட்டு மணிக்கு மூன்று இட்லி, கெட்டிச் சாம்பார், 10. பதினொரு மணிக்கு ஐம்பது கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல், 9. மதியம் சாதத்தோடு நாற்பது கிராம் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர், எல்லாம் சேர்ந்து 21. நாலு மணிக்குக் கைப்பிடி பொட்டுக்கடலை, 8. ஏழரைக்கு மூன்று சப்பாத்தி, பன்னீர் போட்ட கூட்டு, 17. இரவு பத்துக்குப் பாலில் சத்துமாவுக் கஞ்சி, 11. மொத்தம் 82. பெரியம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவு நாளா இதத்தானே வேணாம்னு எடுத்து வச்சேன்" என்றார்.

வயிற்றில் நீர் இருப்பதால் நாலு வாயிலேயே நிறைந்துவிடும். அதனால்தான் ஏழு வேளை. எண்ணெயையும் நெய்யையும் அளவோடு விடுங்கள். சின்ன அளவில் நிறையக் கலோரி தருவது அதுதான். தி. நகர் மருந்துக் கடைகளில் கல்லீரலுக்கென்று விற்கும் கிளைச்சங்கிலி அமினோ அமிலப் பொடிகளுக்குச் சில நோயாளிகளிடம் இடமுண்டு. சாப்பிட முடிகிறவருக்கு அந்தப் பணத்தைப் பாலுக்கும் பயறுக்கும் செலவழிக்கலாம் என்பது என் தீர்மானமான கருத்து. வாயால் போதுமான அளவு இறங்கவில்லையென்றால் மூக்குக் குழாய் வழியாக ஊட்டுவதற்கு மருத்துவர் சொன்னால் பயப்படாதீர்கள்.

உப்பில் மட்டும் பெரியம்மா சொன்னது பாதி சரி. வயிற்று நீர் உள்ளவருக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் உப்புக்குமேல் கூடாது. ஆனால் முழுக்க உப்பை எடுத்துவிட்டால் அவர் சாப்பாட்டையே விட்டுவிடுவார். அதில் நஷ்டம்தான் அதிகம். சமையலில் கொஞ்சம் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், வடாம், மோர்மிளகாய், சிப்ஸ், பாக்கெட் தின்பண்டம் ஆகியவற்றை நிறுத்துங்கள். கடையில் வாங்கும் இட்லி மாவிலும் மிளகாய்ப்பொடியிலும் உப்பு இருப்பதை மறந்துவிடாதீர்கள். மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழா அன்று தெருவெங்கும் கொடுக்கும் நீர்மோரிலும் இருக்கிறது. வயிறு மந்தமென்று தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரைக்கும் பொடியிலும் சோடியம் நிறைய. எலுமிச்சை, மிளகு, வறுத்த சீரகம், கொத்தமல்லி இவற்றால் ருசி கூட்டலாம். 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்து. தினமும் இளநீர் குடிப்பதற்கும் இதே எச்சரிக்கை.

சாப்பிட்டது தசையாக வேண்டுமானால் உடம்பு அசைய வேண்டும். பெரியப்பா லஸ்ஸில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் முதலில் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுவரை நடந்தார். வீட்டில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார்கள். எத்தனை விநாடி ஆகிறது என்பது எடையைவிட நம்பகமான அளவு. உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருப்பவர்கள் பளு தூக்கக் கூடாது, நடக்கலாம்.

விரதத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மயிலாப்பூரில் ஏகாதசியும் பிரதோஷமும் சஷ்டியும் உயிரோடு கலந்தவை. பெரியப்பாவின் ஐம்பது வருஷ ஏகாதசியை நிறுத்தச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. நோயாளிக்கும் முதியவருக்கும் விரதத்தில் விலக்கு உண்டு என்று குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சொன்ன பிறகுதான் சமாதானமானார். நோன்பிருக்கும் முஸ்லிம் நோயாளிகளுக்கும் மார்க்கம் இந்த விலக்கைக் கொடுத்திருக்கிறது.

மருத்துவமனைகள் போடும் விரதமும் உண்டு. காலையில் எண்டோஸ்கோப்பி, நேற்றிரவிலிருந்து வெறும் வயிறு; மதியம் ஆகியும் முறை வரவில்லை, நாளைக்கு வாருங்கள். சர்க்கரை, ஸ்கேன், ரத்தம் என்று மாறி மாறி வெறும் வயிறு. சிரோசிஸ் நோயாளிக்கு முதல் முறையைக் கொடுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

சிரோசிஸ் வந்தவர்களில் உடம்பு இன்னும் தாக்குப்பிடிக்கும் கட்டத்திலேயே ஐந்தில் ஒருவருக்கும், வயிற்றில் நீர் கோத்த கட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும் ஊட்டக்குறைவு இருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்றிரவு அவர் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும், நாளைக் காலை முதலில் சாப்பிடும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ரத்தப் பரிசோதனைத் தாள்களுக்கு மேலே அந்தத் தாளை வையுங்கள்.